சிவப்புக் கட்டத்தில் மச்சினன்

இந்தத் தடவை மச்சினனை வாசற்படி மிதிக்க விடுவதில்லை என்று சவுரிராயன் முடிவு கட்டினார். அது 2009ஆம் வருடம், ஆகஸ்டு மாதம். பன்றிக் காய்ச்சல் பற்றி நாள் தவறாமல் பேப்பரில் வந்துகொண்டிருந்தது.

மனுஷர் ஒரு சந்தேகப் பிராணி. பால் தண்ணியாக இருந்தால் பால்காரரைச் சந்தேகப்படுவார். கெட்டியாக இருந்தால் இன்னும் அதிகமாகச் சந்தேகப்படுவார். திண்டிவனத்தில் கம்ப்யூட்டர் வாத்தியார் வேலை. வகுப்பில் நூற்றுக்கு நூறு வாங்கிய பையனை மட்டும் தனியாகக் கூப்பிட்டு விசாரிப்பார். கல்யாணமாகிப் பதினாலு வருடத்தில் அவர் சந்தேகப்படாத ஒரே ஆள் மனைவி பவுலின். அவளுக்கு எக்செல் தெரியாது, அவளால் என்ன செய்துவிட முடியும் என்ற தைரியம்தான்.

மச்சினன் சகாய பிரவீன் வளவனூர்க்காரன். போன வருடம் ரெண்டு நாள் என்று வந்தவன் நாலு மாதம் இருந்தான். ஃபேனுக்கு நேர் கீழே இருந்த கட்டில் அவனுடையதாயிற்று. டிவி ரிமோட் அவன் தலையணைக்கு அடியில் குடியேறியது. சொந்த வீட்டில் செய்தி பார்க்க, மச்சினன் எப்போது குளிக்கப் போவான் என்று சவுரிராயன் காத்துக் கிடந்தார். இப்போது பேங்க் பரீட்சைக்குக் கோச்சிங் என்று மறுபடியும் வரப்போகிறானாம்.

வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்ல அவருக்குத் துணிச்சல் கிடையாது. அதனால் கம்ப்யூட்டரை விட்டுச் சொல்ல வைத்தார்.

தெருச் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். தலைவர் இப்ராஹிம் ஷா, துபாயில் இருபது வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்துவிட்டுத் திரும்பியவர். எழுதிவைத்த விதியில் ஒரு புள்ளியைக்கூட மாற்றமாட்டார். இந்த இருவரும் சேர்ந்து தெருவுக்குக் கொண்டுவந்ததுதான் காய்ச்சல் வரைபடம். நாற்பத்திரண்டு வீட்டுக்கு நாற்பத்திரண்டு கட்டம். தினமும் வீட்டுக்காரர் செல்லிலிருந்து தலைவருக்கு மிஸ்டு கால் போகவேண்டும். ஒன்று என்றால் சுகம், கட்டம் பச்சை. அடுத்தடுத்து இரண்டு என்றால் காய்ச்சல், கட்டம் சிவப்பு. பைசா செலவில்லாத திட்டம் என்பதால் தெருவே கை தட்டியது.

பச்சை வீட்டார் தெருமுனைக் குழாய்க்கும் பூங்காவுக்கும் தாராளமாகப் போகலாம். சிவப்பு வீட்டார் கேட்டைத் தாண்டக்கூடாது. வெளியூர்களுக்கும் சவுரிராயன் நிறம் கொடுத்திருந்தார். ஓமந்தூர் பச்சை. கண்டாச்சிபுரம் பச்சை. வளவனூர் மட்டும் மிளகாய்ப் பழம் மாதிரி சிவந்து கிடந்தது. அங்கிருந்து வருகிறவர் யாரானாலும் வாசலோடு திரும்ப வேண்டியதுதான்.

முறத்தில் மல்லாட்டைக் கடலையை உரித்தபடி பவுலின் திரையை எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, எங்க ஊர்ல யாருக்குங்க காய்ச்சல்?"

"இன்னும் யாருக்கும் இல்ல. வரப் போவுது. கம்ப்யூட்டரு முன்கூட்டியே சொல்லுது."

"ஓமந்தூருக்கு ஏன் சொல்லல?"

"அங்க ஒன் தம்பி..." என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "அங்க காத்து வேற பக்கமா வீசுது."

பவுலின் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தார். அவளோ முறத்தை நகர்த்தி வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எனக்கும் புரியற மாதிரி சொல்லுங்க. சிவப்பு வூட்ல விருந்தாளி யாராச்சும் இருந்தா?"

"அவனும் உள்ளயே கெடக்கணும். ஏழு நாளு."

"வூட்டுக்காரங்க அந்நேரம் வெளிய போயிருந்தா?"

"உள்ள வரக்கூடாது. போன எடத்துலயே தங்கிக்கணும்."

"மிஸ்டு கால் தப்பா போயிடுச்சி, எங்களுக்குக் காய்ச்சலே இல்லன்னு சொன்னா?"

சவுரிராயனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதுதான் அவருக்குப் பிடித்த இடம்.

"அப்டிதான் பொய் சொல்லுவானுங்க. அதுக்கும் விதி போட்டிருக்கேன். ஒவ்வொரு தபா இல்லன்னு மறுக்கும்போதும் இன்னொரு ஏழு நாளு!"

"அடேயப்பா! ஒங்க மூளையே மூளைங்க."

அன்றைக்குச் சாயங்காலம் காபி கேட்காமலே வந்தது, வடையோடு. பாலைச் சந்தேகப்படுகிற மனுஷர் அந்த வடையைச் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ரெண்டு தின்றுவிட்டு மூன்றாவதற்குக் கை நீட்டினார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, அரை மூட்டை மல்லாட்டையோடு கேட்டுக்கு வெளியே நின்றான் பிரவீன். சவுரிராயன் தாழ்ப்பாளின் மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டார்.

"எங்கேர்ந்து வர்ற?"

"கண்டாச்சிபுரத்துலேர்ந்து மாமா. பிரெண்டு வூட்ல நாலு நாளா இருந்தேன்."

"டிக்கெட்ட காட்டு."

காட்டினான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். கண்டாச்சிபுரமேதான். அவர் கையாலே பச்சை அடித்த ஊர்.

"மூட்டைய வெச்சிட்டு மூணு மணி பஸ்ஸுக்குப் போயிடறேன் மாமா."

"சத்தியமா?"

"மாதா மேல சத்தியமா."

தோளில் தொங்கிய பை சின்னதாக இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் கேட்டைத் திறந்தார். உள்ளே வந்தவன் கட்டிலை நோக்கி நாலு அடி வைத்தான். சவுரிராயன் ஐந்து அடி வைத்து முந்திக்கொண்டு அதில் உட்கார்ந்தார்.

"தம்பி வந்திருக்கான், மீனு வாங்கியாறேங்க" என்று பவுலின் கூடையை எடுத்தாள். "என் செல்லுல சார்ஜ் இல்ல. ஒங்களுத எடுத்துக்கினு போறேன். ஜல்தி வந்துடறேன்."

மீன் வாங்கப் போகிறவள் கட்டியிருந்தது ஈஸ்டருக்கு எடுத்த புடவை. சவுரிராயன் அதைப் பார்க்கவில்லை. அவர் கண் முழுக்க ரிமோட் மேல் இருந்தது.

அரை மணி கழித்து வாசலில் சத்தம் கேட்டு ஓடினார். இப்ராஹிம் ஷா கேட்டில் சிவப்புத் துணியைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"பாய், இன்னா இது?"

"ஒங்க நம்பர்லேர்ந்து ரெண்டு மிஸ்டு கால், சார். அடுத்தடுத்து."

"செல்லு எங்கிட்டயே இல்ல பாய்! எங்க வூட்ல காய்ச்சலும் இல்ல!"

"ஏழும் ஏழும் பதினாலு" என்று எழுதிக்கொண்டார் இப்ராஹிம் ஷா.

"ஐயோ, நான் நல்லா கல்லு மாதிரி இருக்கேன் பாய்!"

"இருபத்தொண்ணு."

சவுரிராயன் மறுபடி வாயைத் திறந்தார். இப்ராஹிம் ஷா பேனாவை உயர்த்தினார். வாய் தானாக மூடிக்கொண்டது.

"இந்தப் பையன் மூணு மணி பஸ்ஸுக்குப் போவணும். அவன மட்டுமாச்சும் உட்டுடுங்க பாய்."

"விருந்தாளியும் உள்ளயே இருக்கணும்னு நீங்கதான சார் டைப் பண்ணீங்க? நீங்களே மீறினா தெரு மதிக்குமா?" என்று கேட்டுவிட்டு, முடிச்சை இன்னொரு தடவை இறுக்கிக் கட்டினார்.

வரைபடமே டூப்பு என்று போட்டு உடைத்துவிடலாமா என்று சவுரிராயனுக்கு ஒரு நிமிஷம் தோன்றியது. ஆனால் அடுத்த மாதக் கூட்டத்தில் அந்த வரைபடத்துக்காகத்தான் அவருக்குச் சால்வை போர்த்தப் போகிறார்கள். சால்வை வாங்கியும் ஆகிவிட்டது. உள்ளே வந்தார். கட்டில் நிரம்பியிருந்தது.

மத்தியானம் வீட்டு போன் அடித்தது.

"பவுலின்! எங்க இருக்க?"

"வளவனூர்லங்க, அம்மா வூட்ல. மார்க்கெட்ல மீனு நல்லால்ல. அப்டியே பஸ் ஏறிட்டேன்."

"ஒடனே கெளம்பி வா!"

"எப்டிங்க வர்றது? சிவப்பு வூட்டுக்குள்ள வரக்கூடாதே. இருபத்தொரு நாளுன்னு தம்பி போன்ல சொன்னான். மூணு வாரம் ஆவட்டும், வர்றேன். தம்பிக்கும் அதுக்குள்ள கோச்சிங் ஆரம்பிச்சிடும்."

"நீதான் கால் குடுத்தேன்னு பாய்கிட்ட சொல்லிடுவேன், ஆமா!"

"சொல்லுங்களேன். அதுவும் மறுக்கறதுதான? இருபத்தெட்டாவும். எனக்கும் அம்மாகூட இன்னும் ஒரு வாரம் இருந்தாப்புல ஆச்சி."

சவுரிராயன் ரிசீவரைக் காதில் வைத்தபடியே நின்றார். பின்னால் ஃபேன் ஐந்தாம் நம்பருக்கு ஏறிற்று. டிவி ஒரு பாட்டிலிருந்து இன்னொரு பாட்டுக்குத் தாவியது.

"அப்புறங்க," என்றாள் பவுலின், "தம்பிக்குக் காலைல கேப்பைக் கூழு ஒத்துக்காது. இட்லிதான். இப்பவே ஊறப் போட்டாதான் காலைல மாவு பொங்கும்."

அவர் கட்டிலைப் பார்த்தார். கேட்டில் ஆடிய சிவப்புத் துணியைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"நாலு டம்ளர் அரிசிக்கு உளுந்து எவ்ளோ போடணும்?"