யாருக்கு முதல் அலமாரி?

நூலகர் அந்தக் கடிதத்தை நின்றுகொண்டு படித்தார், உட்கார்ந்து படித்தார், சன்னலோரம் போயும் படித்தார். எங்கே போய்ப் படித்தாலும் அது புகார்க் கடிதமாகவே இருந்தது.

‘மதங்கள் பிரிவில் ஒரே மதத்துக்கு எழுபது எண்கள், மூன்று அலமாரிகள். உலகத்தில் மிச்சமிருக்கும் அத்தனை மதங்களுக்கும் சேர்த்துப் பத்து எண்கள், கடைசியில் ஓர் அலமாரி. இது நியாயமா?’

கீழே டீச்சரம்மாவின் கையெழுத்து. பணி ஓய்வு பெற்றுப் பத்து வருஷம் ஆகியும், ‘நியாயமா’வுக்கு அடியில் சிவப்பு மையில் இரட்டைக் கோடு போட்டிருந்தார்.

புத்தகங்களை வகை பிரிக்கும் அந்த எண்களை நூலகர் கண்டுபிடிக்கவில்லை. நூறு வருஷத்துக்கும் முன்னால் யாரோ ஒருவர், தன் கண்ணில் பட்ட புத்தகங்களை வைத்துப் போட்டது. ஆனால் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். வெள்ளிக்கிழமை ஆய்வு அதிகாரி வந்து கேட்கப்போவது இவரைத்தான். தீர்க்காத புகார் ஒன்று இருந்தாலும் வேலை நிரந்தரம் ஆகாது. மறுபடி தற்காலிகம், மறுபடி வேறு ஊர்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது மனைவி ரொட்டி வாட்டிக்கொண்டிருந்தார்.

“மூணு ஊர் மாத்தியாச்சு. இனிமே பாத்திரம் பண்டம் கட்ட எனக்குத் தெம்பில்ல. அந்த அதிகாரிகிட்ட கையெழுத்து வாங்கலன்னா அடுத்த ஊருக்கு நீங்க மட்டும் போங்க.”

“நான் என்ன தப்பு பண்ணேன்? எண்ணு அப்படி.”

“அதை அந்த எண்ணுகிட்ட சொல்லுங்க.”

செவ்வாய்க்கிழமை நூலகர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கினார். மூன்று பெரிய மதங்களுக்கு ஆளுக்கு ஓர் அலமாரி, மற்ற எல்லோருக்கும் சேர்த்து நான்காவது. தூக்கியதில் பாதி, துப்புரவு பார்க்கும் அக்கா தூக்கியது.

“சார், நான் ஒண்ணு சொல்லட்டுமா?” என்றார் அக்கா.

“அக்கா, இது தசம எண் விஷயம். உங்களுக்குப் புரியாது.”

மதியத்துக்குள் டீச்சரம்மா வந்துவிட்டார்.

“சமமா பிரிச்சிட்டீங்க, சந்தோஷம். ஆனா முதல் அலமாரி இன்னும் அவங்களுக்குத்தானே? நாங்க ஏன் ரெண்டாவது?”

நியாயமான கேள்வி. நூலகர் நின்ற இடத்திலேயே யோசித்து, காலத்தால் மூத்த மதம் முதலில் என்று முடிவு செய்தார். அறிஞர்களே ஒப்புக்கொள்ளும் முறை அது. டீச்சரம்மா முதல் அலமாரிக்கு எதிரே போய் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

இங்கே நூலகர் போட்டிருந்த சட்டம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எந்த அலமாரிப் புத்தகமோ அதற்கு எதிர் மேசையில்தான் உட்கார்ந்து படிக்க வேண்டும். மேசை மாறினால் புத்தகம் இடம் மாறிவிடுமாம். வந்து சேர்ந்த அன்றே எழுதி ஒட்டியது. வாசகர்களும் அதன்படியே நடந்தார்கள்.

புதன்கிழமை காலை, இதுவரை முதல் அலமாரிக்காரராக இருந்த ஓய்வுபெற்ற தபால்காரர், புகாரைப் பெட்டியில் போடாமல் நேரில் கொண்டுவந்து கையில் கொடுத்தார். பழக்கதோஷம்.

“வயசு பார்த்தா வரிசை வைப்பீங்க? அப்ப நாளைக்குப் புதுசா பொறக்கிற மதம் தெருவுலயா நிக்கும்?”

அவருக்குப் பின்னால் கடிகாரம் பழுது பார்ப்பவர். “சார், வயசுன்னா எங்களுதுதான் மூத்தது. ஆதாரம் இருக்கு.” ஆதாரத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். அது எட்டுப் பக்கம் இருந்தது.

அவருக்கும் பின்னால் வக்கீல். வக்கீலுக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது, அதை ஊருக்கே தெரியப்படுத்தியிருந்தார்.

“கடவுள் இல்லைங்கிற புத்தகமெல்லாம் எங்க சார்?”

“அது தத்துவத்துல, மாடியில...”

“மாடியா? இல்லைன்னு சொல்றவனுக்கும் மதப் பிரிவுலதான் இடம் வேணும். அதுவும் முதல்ல. முதல்ல மறுப்பு, அப்புறம்தான் மத்தது!”

நூலகர் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, சுவருக்குச் சுவர் நடந்தார். அன்று மாலை வீட்டில் தட்டுகளை வயதுவாரியாக அடுக்கினார், கலைத்தார், உயரவாரியாக அடுக்கினார்.

“என்னங்க, அந்தத் தட்டுலயாவது சாப்பிட விடுங்க,” என்றார் மனைவி. சொன்னவர் சிரிக்கவில்லை. நூலகருக்குப் பயமாக இருந்தது.

வியாழக்கிழமை கடைசி அஸ்திரம். முதல் அலமாரி சுழற்சி முறையில்! வேளைக்கு ஒரு மதம், நடுவில் ஒரு வேளை வக்கீலுக்கு. வேளை மாறும்போதெல்லாம் புத்தகங்களைத் தூக்கி மாற்ற வேண்டும். மதியத்தில் நூலகரின் இடுப்பு பிடித்துக்கொண்டது. சாயங்காலத்தில் எந்தப் புத்தகம் எங்கே என்று அவருக்கே தெரியவில்லை. போதாக்குறைக்கு, சமையல் குறிப்புப் புத்தகம் மட்டுமே படிக்கும் ஒரு பெரியவர் வந்து நின்றார்.

“தம்பி, எனக்குச் சாப்பாடுதான் மதம். சமையல் புத்தகத்தையும் இந்தச் சுழற்சியில சேர்த்துக்கோ.”

நூலகருக்கு அழுகை வந்தது. வக்கீலிடம் முடியாததை இவரிடமாவது செய்து பார்க்கலாமென்று முறைத்தார். பெரியவர் அசையவில்லை.

“சார்,” என்று மறுபடி ஆரம்பித்தார் அக்கா, “நான் என்ன சொல்றேன்னா...”

“அக்கா, நீங்க அந்தக் கட்டைத் தூக்குங்க போதும்!”

வெள்ளிக்கிழமை ஆய்வு அதிகாரி உள்ளே நுழைந்தபோது, முதல் அலமாரி மேசையில் ஒரே நாற்காலியை டீச்சரம்மாவும் தபால்காரரும் ஆளுக்கொரு கையால் பிடித்திருந்தார்கள். கடிகாரக்காரர் கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, “உங்க வேளை முடிஞ்சு நாலு நிமிஷம் ஆச்சு!” என்று கத்திக்கொண்டிருந்தார். வக்கீல் மேசைமேலேயே ஏறி உட்கார்ந்திருந்தார்.

அதிகாரி கைக்குட்டையால் நெற்றியை ஒற்றிக்கொண்டார். நூலகரின் கோப்பைத் திறந்து, பேனாவை எடுத்தார்; மூடியை மட்டும் கழற்றவில்லை.

“நூலகரே, பத்து நிமிஷம் தர்றேன். இவங்க எல்லாரையும் சமாதானமா உட்கார வைங்க, கையெழுத்துப் போடுறேன். இல்லன்னா ரெண்டு வருஷம் தள்ளிப் போகும்.”

நூலகரின் கண்ணுக்குள் மனைவியின் கட்டாத பாத்திரங்கள் வரிசையாக நின்றன. தொண்டையைச் செருமினார். எல்லா மதமும் எனக்குச் சமம் என்றார். எண் முறையின் வரலாற்றைச் சொன்னார். காலவரிசை, அகரவரிசை, அளவு வரிசை, ஒவ்வொன்றிலும் உள்ள நியாயத்தையும் அநியாயத்தையும் விளக்கினார். ஏழு நிமிடம் போயிருந்தது. நாற்காலியை யாரும் விடவில்லை.

“அவ்வளவுதானா?” என்று அதிகாரி கோப்பை மூடப்போனார்.

துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு அக்கா முன்னால் வந்தார். இந்த முறை அனுமதி கேட்கவில்லை. முதல் மேசைக்கு மேலே சுழன்றுகொண்டிருந்த மின்விசிறியைக் காட்டினார். மற்ற மூன்று மேசைகளுக்கு மேலே அசையாமல் தொங்கிய மூன்றையும் காட்டினார்.

“அந்த மூணும் ஓடலன்னுதான் சார் இவங்க எல்லாரும் ஆறு மாசமா எழுதி எழுதிப் போட்டாங்க, அதையெல்லாம் ‘கட்டிடம்’னு வகை பிரிச்சு நீங்க மேலிடத்துக்கு அனுப்பிட்டீங்க, மதம்னு எழுதின அன்னைக்குத்தான் ரூமை விட்டே வெளிய வந்தீங்க!”