பொன் நாணல் செய்த பேருபகாரம்

மனிதனின் தயவை எதிர்பாராமல் மனிதனுக்கே உழைக்கும் பயிர் உலகில் ஒன்று உண்டென்றால் அது பொன் நாணல்தான். ஒருமுறை நட்டால் போதும். உரம், மருந்து, கூலியாள் எதையும் கேட்காது. அதை ஜேடர்பாளையம் வாய்க்கால் கரைக்குக் கொண்டுவந்த ‘பசுமை எழுச்சிச் சங்க’த்தின் செயலாளர் என்ற முறையில் நடந்ததைச் சொல்கிறேன்.

தலைவர் தனசேகருக்கு நாமக்கல்லில் கோழிப்பண்ணை. வெளிநாடு போனவர் இந்த நாணலைக் கண்டு மயங்கி, கிழங்கோடு வந்திறங்கினார். அறிமுகக் கூட்டத்தில் அதன் பயன்களை அடுக்கினார். காகிதம் செய்யலாம், பாய்லரில் எரிக்கலாம், ஆட்டுக்குப் போடலாம், நாதஸ்வரத்துக்குச் சீவாளிகூடச் செய்யலாம்.

கடைமடையில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த சௌந்திரம் மட்டும் எழுந்து, இது வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டால் என்ன செய்வது என்று கேட்டார்.

“அது தானாப் பரவுமுங்க. அதுதானுங்க அதோட தெறமையே” என்றார் தலைவர். சங்கம் கைதட்டியது.

நாணல் ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்தது. ஆடுகள் மோந்து பார்த்துவிட்டுக் கண்ணியமாக விலகிக்கொண்டன. காகித ஆலை எங்கள் கோரிக்கையைப் ‘பரிசீலித்தது’, இன்னும் பரிசீலிக்கிறது. சீவாளிக்கோ ஒரு கட்டு போதுமாம். சங்கம் மனம் தளரவில்லை. விலைபோகாத நாணலைத் தோண்டி, கிழங்குகளை வாய்க்காலில் தள்ளிவிட்டது. துண்டுக்கு ஒரு புதர் முளைத்தது. நாணலுக்கு நாணம் கிடையாது என்று அப்போதுதான் தெரிந்தது.

புதர் வாய்க்காலை அடைத்ததில் கடைமடைக்குத் தண்ணீர் வருவது நின்றது. சௌந்திரம் தலைவர் வீட்டுக்கே போய், கொடி காய்கிறது, வாய்க்காலைத் திறந்துவிடுங்கள் என்று அழுதிருக்கிறார். எல்லாம் ‘பருவநிலை மாற்றம்’ என்று தலைவர் ஆறுதல் சொல்லி, மோர் கொடுத்து அனுப்பினார். சித்திரை வெயிலில் கொடிக்கால் கருகியது. அந்த ஆண்டு கடைமடையில் சொட்டுத் தண்ணீரும் செலவாகாததால், ‘நீர் சிக்கன’த்துக்கான கேடயம் எங்கள் சங்கத்துக்குக் கிடைத்தது.

பிறகு ‘நாணல் ஒழிப்புத் திட்டம்’ வந்தது. நாணலில் அனுபவம் உள்ளவர் என்பதால் பொறுப்பு தலைவருக்கே. கொடிக்கால் போன சௌந்திரம் அங்கே கூலிக்கு வந்தார். ஆக, வேலைவாய்ப்பும் எங்களால்தான். தொடக்க விழாவில், இடுப்பளவுச் சேற்றில் நின்ற அவரிடம் வேலை எப்படிப் போகிறது என்று தலைவர் பரிவோடு விசாரித்தார்.

“நாணலைப் புடுங்கிப்போடலாமுங்க” என்றார் அவர், நிமிராமல். “நட்டவிங்களைத்தான் ஒண்ணும் புடுங்க முடியலீங்க.”

எங்கள் சங்கம் மண்ணில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது என்பதற்கு இதைவிட நற்சான்று யார் தர முடியும்?