தொடர்பு எல்லைக்கு வெளியே ஒரு சிறுத்தை

ஒரு காட்டில் மரங்களை விட உயரமாக ஒரு டவர் முளைத்தது. முளைக்க வைத்தது நரி. அன்று முதல் எல்லா மிருகங்களும் கழுத்தில் போனைக் கட்டிக்கொண்டு திரிந்தன. யார் எங்கே நிற்கிறார், எங்கே ஓடுகிறார், யாரோடு பேசுகிறார் என்ற தகவலெல்லாம் குகைக்குள் இருந்த ஒரு பெரிய இயந்திரத்தில் வந்து குவிந்தது. வந்த நொடியே அது எல்லாவற்றையும் அலசிப் பிழிந்து முடிவு சொல்லிவிடும். "உடனுக்குடன்!" என்று நரி மார்தட்டியது. யாருக்காக, எதற்காக என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. மிருகங்கள்தானே.

அதற்கு முன்பு அங்கே வேறொரு ஏற்பாடு இருந்தது. சடையன் என்ற கருமந்தி உச்சாணிக் கிளையில் உட்கார்ந்திருக்கும். சிறுத்தையைப் பார்த்தால் தொண்டை கிழியக் கத்தும். கீழே மேயும் மான்கள் ஓடிவிடும். இதில் இயந்திரம் எதுவும் இல்லாததால் நரிக்கு இது கேவலமாகப் பட்டது. சடையனைக் கூப்பிட்டு, குளுகுளு குகையில் நாற்காலி போட்டு, அடையாள அட்டை மாட்டி, திரையைப் பார்க்கும் வேலை கொடுத்தது.

"இனிமே கத்தக் கூடாது. ஸ்கிரீன்ல வந்தாத்தான் தகவல். கண்ணால பாக்குறதெல்லாம் வதந்தி."

சடையன் தலையாட்டியது. சுழலும் நாற்காலி கிடைத்தால் எந்தக் குரங்கும் தலையாட்டும்.

ஒரு நாள் செவந்தி என்ற பெண்மான் தன் குட்டியைச் சுனைக்கரையில் விட்டுவிட்டு மேயப் போனது. சடையன் தற்செயலாகக் குகை வாசல் வழியே பார்த்தது. சுனையோரப் புதரில் ஒரு வால் நெளிந்தது.

"ஐயா, சுனைக்கிட்ட சிறுத்தை!"

நரி திரையைப் பார்த்தது. "எங்கடா? அதோட பச்சைப் புள்ளியே காணோமே."

"போனை அணைச்சிருக்கும்ங்க."

"அப்போ அது தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கு. வெளியே இருக்கிறது சுனைக்கிட்ட எப்படிடா இருக்கும்?"

கத்தல் சடையனின் தொண்டை வரை வந்தது. நாற்காலியை ஒருமுறை பார்த்தது. விழுங்கிவிட்டது.

இயந்திரம் மட்டும் சும்மா இருக்கவில்லை. குட்டி திடுமென ஓடுவதைக் கண்டு உடனே அழைத்தது: "உற்சாகமாக ஓடுகிறீர்களே! துள்ளல் பாட்டுக்கு ஒன்றை அழுத்தவும்." குட்டி நின்றுபோனதையும் அது கவனித்தது. "ஓய்வா? தாலாட்டுக்கு இரண்டை அழுத்தவும்." யாரும் எதையும் அழுத்தவில்லை.

செவந்தி போட்ட போனையும் குட்டி எடுக்கவில்லை. செவந்தி பதறிக்கொண்டு குகைக்கு ஓடி வந்தது.

"அண்ணே, என் புள்ள எங்கண்ணே?"

திரையில் குட்டியின் புள்ளி பளிச்சென்று மினுங்கியது. சுனையை விட்டுப் பாறைமேட்டுப் பக்கம் அவசரமில்லாமல் நகர்ந்தது. சிறுத்தை குட்டியைப் போனோடு சேர்த்து விழுங்கிவிட்டது என்று சடையனுக்குப் புரிந்தது. அதற்குள் நரி முந்திக்கொண்டது.

"பாரும்மா, ஜம்முனு நடந்து போறான். சிக்னல் ஃபுல்லு. இப்பவே போனா பிடிச்சிடலாம்."

"நல்லா இருப்பீங்கண்ணே" என்று சடையனைக் கும்பிட்டுவிட்டு, செவந்தி பாறைமேட்டுக்கு ஓடியது. சடையன் வாயைத் திறந்தது. நரி திரும்பிப் பார்த்தது. மூடிக்கொண்டது.

கொஞ்ச நேரத்தில் திரையில் இரண்டு பச்சைப் புள்ளிகளும் ஒன்று சேர்ந்தன. பிறகு சேர்ந்தே நடந்தன.

"பாத்தியா, தாயையும் பிள்ளையையும் சேத்து வச்சுட்டோம்!" என்று நரி கண்ணைத் துடைத்துக்கொண்டது. இயந்திரம் உடனுக்குடன் இருவருக்கும் குடும்ப ரீசார்ஜ் திட்டத்தைச் சிபாரிசு செய்தது.

நீதி: சாப்பிடப் போகும்போது போனை அணைத்துவிடுங்கள். உடம்புக்கு நல்லது.