தண்ணீர் ஓடும் கம்ப்யூட்டருக்கு ஜுரம்

கள்ளிக்குப்பம், அம்பத்தூர்.
திங்கட்கிழமை.

பிரியமுள்ள மாப்பிள்ளை திருமுருகன் அவர்களுக்கு,

மாமனார் சண்முகசுந்தரம் எழுதுவது. இங்கே நான் சுகம், கமலம் சுகம், மகள் எழிலரசியும் சுகம். புனேவுக்குப் போகும்போது தாங்கள் எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போன கம்ப்யூட்டர் மட்டும் சுகமில்லை. போனில் பேசினால் எழிலரசி காதில் விழும் என்பதால் கடிதம்.

ஐந்து நாளாக அந்தப் பெட்டிக்கு ஜுரம். எழிலரசி வேலையைத் தொடங்கிய பத்தாம் நிமிஷம் பிராசஸர் தொண்ணூற்றெட்டு டிகிரி என்று காட்டிவிட்டு அணைந்துவிடுகிறது. உள்ளே தண்ணீர் ஓடிச் சூட்டைத் தணிக்கும் என்று தாங்கள்தான் பெருமையாகச் சொன்னீர்கள். தண்ணீர் குறைந்திருக்கும் என்று இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரோடு போய் நின்றால், ஊற்ற வாயே இல்லை. மண்ணூர்பேட்டையில் ஏசி ரிப்பேர் பார்க்கும் ஜெகதீசனைக் கூட்டிவந்தேன். அவன் குழாயைத் தடவிப் பார்த்து, "இன்னா நைனா, இது சீல் பண்ண ஐட்டம். மோட்டார் ஓடிக்கினுதான் கீது. இதுக்கு மேல நம்மால ஆவாது"ன்னு காபியைக் குடிச்சிட்டுப் போயிட்டான். தாங்கள் போனில் சொன்னபடி பிராசஸர் மேல் சூட்டைக் கடத்தும் பழைய பசையைத் துடைத்துப் புதுப் பசையும் தடவியாச்சு. டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்ததில் எனக்கு வியர்த்ததுதான் மிச்சம். "மேல ஏதாவது விழுந்திருக்கா மாமா?" என்று கேட்டீர்களே, நான் இருக்கும்போது எப்படி விழும்? ஆயுத பூஜைக்கு நானே பெட்டியின் மேல் மூடியாக இருக்கும் வலையைக் கழற்றிக் கழுவிக் காயப் போட்டு, பெட்டிக்குச் சந்தனப் பொட்டு வைத்து, பொரி கடலை வெல்லம் எல்லாம் அதன் தலைமேலேயே வைத்துப் படைத்தேன். எந்த ஊரில் கம்ப்யூட்டருக்கு இந்த மரியாதை கிடைக்கும்?

இருபதாம் தேதிக்குள் கம்பெனிக்காக இதில் செய்யும் அந்த அடுக்குமாடி விளம்பர வீடியோவைக் கொடுத்தால்தான் எழிலரசிக்கு வேலை நிரந்தரம். போன வருஷம் வேலை போனப்ப மூணு மாசம் தட்டைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தா. அதை இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தெம்பில்லை, மாப்பிள்ளை. எனக்கு அந்த பயம்தான். ஆகவே இதைத் திரும்ப எடுத்துக்கொண்டு, தண்ணீர் சமாச்சாரம் இல்லாத சாதாரணப் பெட்டி ஒன்றை உடனே அனுப்பவும். இனிமேல் கம்ப்யூட்டர் வாங்கும்போது பெரியவர்களை ஒரு வார்த்தை கேட்கவும்.

வேளைக்குச் சாப்பிடவும். குளிரில் தலைக்குக் குல்லா போடவும். தாங்கள் நீடூழி வாழ ஆசிகள்.

தங்கள்,
சண்முகசுந்தரம்

பி.கு.: கையெழுத்துப் போட்டு முடிப்பதற்குள் கமலம் கூப்பிட்டாள். பெட்டியின் மேல் எறும்பு சாரை சாரையாக ஏறிக்கொண்டிருந்தது. வலையைக் கழற்றினால், கீழே அந்தத் தண்ணீரை ஆற வைக்கிற இரண்டு விசிறியிலும் பொரி. சூட்டில் வெல்லம் உருகி இறக்கையைக் கெட்டியாகப் பிடித்திருந்தது. ஈரத்துணியும் பல் துலக்கும் பிரஷுமாக ஒரு மணி நேரம் சுத்தம் பண்ணினோம். இப்போது அறுபத்திரண்டு டிகிரி. எழிலரசி மதியத்திலிருந்து வேலையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. எல்லாவற்றையும் மறுபடி எழுதக் கை வலிக்கிறது. மேலே எழுதியதை எல்லாம் தாங்களே கோடு போட்டு அடித்துவிடவும். அவள் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் சுத்தம் பண்ணியதால், தாங்கள் போனில் சொன்ன வைத்தியத்தில்தான் சரியானது என்று சொல்லிவிட்டேன். ரொம்பப் பெருமைப்பட்டாள். தயவுசெய்து மறுக்காதீர்கள். இத்துடன் பூஜைப் பிரசாதப் பொரி ஒரு பொட்டலம் வைத்திருக்கிறேன். இது டப்பாவில் இருந்தது, பயப்படாமல் சாப்பிடலாம்.