விமானத்துக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி

ஸ்ரீரங்கத்தில் விமானத்துக்குத் துக்கம் காத்த ஒரே மனிதர் எங்கள் 'ரன்வே'தான். அந்தப் பெயரை வாங்கித் தந்தது அவருடைய வழுக்கை.

புத்தூரில் ஒரு டிராவல்ஸில் டிக்கெட் போடுவது அவர் வேலை. ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் பெரிய விமானங்களெல்லாம் அவருக்குச் சொந்தபந்தம் மாதிரி. உள்ளே இரண்டு நடைபாதை இருந்தால்தான் அது விமானம். திருச்சியில் இறங்குபவை அவர் கணக்கில் மினிபஸ். சென்னை வழியாக லண்டன் போக வந்தவரிடம் வரன் விசாரிப்பதுபோலப் பேசுவார்.

"இந்த ஃபிளைட் வேணாங்க. முதல்ல வேற கம்பெனிக்கு வாக்கப்பட்டது. அங்க ஒத்துவராம இங்க வந்திருக்கு. இதோட தங்கச்சி தங்கமானது, வியாழக்கிழமை வரும்."

"எனக்குப் புதன்கிழமையோட லீவு முடியுதுங்க!"

அந்த நிறுவனம் தன் கடைசி நான்கு இன்ஜின் விமானத்தை உடைக்க அனுப்பியது. ஆள் போனால் நாம் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டுவோம். ரன்வே விமானத்துக்கே ஒன்று அடிக்கச் சொன்னார். "பல்லாயிரம் பேரைக் கடல் கடந்து கொண்டுசேர்த்த எங்கள் செல்வம் ஓய்ந்தது" என்று வாசகம். துயரத்துடன் என்பதற்குக் கீழே மகள் மைதிலி, அடுத்து பக்கத்து வீட்டுக்காரனான என் பெயர். அவரிடம் இருந்த ஒரே படம், அந்த விமானத்துக்கு முன்னால் அவர் நின்று எடுத்துக்கொண்டது. அச்சகத்துக்காரர் தொழில் வழக்கப்படி ஆளை வைத்துக்கொண்டு பின்னணியை வெட்டிவிட்டார். சுற்றிலும் பூமாலை பார்டர் வேறு. விடிவதற்குள் தெரு முழுக்க ஒட்டியும் ஆயிற்று.

அன்றுதான் மைதிலியைப் பெண் பார்க்கச் சமயபுரத்திலிருந்து வருகிறார்கள். தாயில்லாப் பெண். போட்டோவிலேயே மாப்பிள்ளையை அவளுக்குப் பிடித்திருந்தது.

வரவேற்க நான் வாசலில் நின்றிருந்தேன். காரிலிருந்து இறங்கிய மாப்பிள்ளையின் அப்பா சுவரைப் பார்த்தார். என் கையைப் பிடித்துக் குரலைத் தாழ்த்தினார்.

"எப்பங்க எடுக்கறாங்க?"

"எடுக்கலைங்க... உள்ள கேசரி கிளறிட்டிருக்காரு."

அதற்குள் பட்டு வேட்டியில் ரன்வே வந்துவிட்டார். "வாங்க, வாங்க!"

மாப்பிள்ளையின் அம்மா மறுபடி காருக்குள் ஏறிக் கண்ணாடியைப் பாதி இறக்கினார். "அப்ப செத்தது யாருங்க?"

"விமானம்ங்க" என்றேன். இத்தனை வருஷம் பத்திரிகையில் வேலை பார்த்தும் இதைவிட நல்ல வாக்கியம் அகப்படவில்லை.

கார் திரும்பிப் போனது. சாயங்காலம் தரகர் போன் செய்தார். "விமானத்துக்குக் கருமாதி பண்ற வீட்ல சம்பந்தம் வேணாங்கறாங்க."

மறுநாள் வெயிலில், வாளித் தண்ணீரும் தகரத் துண்டுமாக, ரன்வே தன் முகத்தைத் தானே சுவர் சுவராகச் சுரண்டினார். உதவிக்குப் போனேன்.

"போங்க சார், யாராவது பாத்தா உங்களுக்கும் அசிங்கம்."

"என் பேரும்தானே இருக்கு" என்று நானும் ஒரு தகரத்தை எடுத்தேன்.

அதன்பிறகு மேலே சத்தம் கேட்டால் அவர் நிமிர்வதில்லை. மைதிலியும் வீட்டில் தேவைக்கு மட்டும் பேசினாள். போன வாரம் அவர் வீட்டு வாசலில் இருவரும் நின்றுகொண்டிருந்தோம். ஒரு விமானம் தாழப் போயிற்று. வேண்டுமென்றே, "நாலு இன்ஜின் போலிருக்கே" என்றேன். அவர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளேயிருந்து மைதிலியின் குரல் வந்தது.

"சார் நாலுங்கறாரு, கேட்டுட்டு சும்மா நிக்கறீங்களேப்பா! சத்தத்துலயே தெரியலையா, ரெண்டுன்னு சொல்லுங்க."

ரன்வே மெல்ல நிமிர்ந்து பார்த்தார்.

"மினிபஸ் சார்" என்றார்.