உரிய மாற்றம் செய்யப்பட்டது

பெருமதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு மைத்துனன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் இருக்க வேண்டிய விதத்தில் இருக்கிறோம். கப்பலில் தாங்களும் தங்கள் இன்ஜின் அறையும் அவ்வாறே இருப்பதாக நம்புகிறேன்.

அக்காவின் கால் ஆபரேஷன் என்ன ஆயிற்று என்று மூன்று முறை கேட்டிருந்தீர்கள். அதற்கு உரிய முறையில் பதில் சொல்ல, எங்கள் ஆஸ்பத்திரி ஆபீஸுக்கு வந்த ஏஜென்ட்டிலிருந்து தொடங்க வேண்டும். ஏஜென்ட் என்றால் ஆள் இல்லை, கம்ப்யூட்டருக்குள் இருப்பது. வாயால் சொன்னால் போதும், படுக்கை ஒதுக்கும், ஆபரேஷன் தேதி குறிக்கும், நோயாளியின் சாப்பாட்டை நிறுத்தும். அது செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கருவி, ஒவ்வொரு கருவிக்கும் கீழே ஒரு விளக்கம். முப்பத்தொரு வருஷம் சுற்றறிக்கை எழுதியும் ஒரு விசாரணையில்கூட மாட்டாதவன் என்பதால் விளக்கம் எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. ஆபீஸில் எனக்கு ‘உரியவர்’ என்று பட்டப்பெயர் இருப்பது தங்களுக்குத் தெரியும்.

கம்ப்யூட்டர்காரப் பெண் படித்துப் படித்துச் சொன்னாள். “சார், அது நேத்து வேலைக்குச் சேர்ந்த ஆளு மாதிரி. இந்தக் கருவி என்ன செய்யும், எப்ப எடுக்கணும், எப்ப எடுக்கவே கூடாது, மூணையும் உடைச்சு எழுதுங்க. நீங்க எழுதுறதைத் தவிர அதுக்கு வேற ஒண்ணும் தெரியாது.” எனக்குச் சிரிப்பு வந்தது. உடைத்து எழுதினால் நாளைக்குக் கேள்வி வந்து நிற்கப்போவது யார் தலையில்? ‘தகவல் அனுப்பு’ என்ற கருவிக்கு, “சம்பந்தப்பட்ட அனைவருக்கும் தெரிவிக்கலாம்” என்று எழுதினேன். மறுநாள் ஒரு வங்கி மேலாளருக்கு மூலவியாதி என்ற சேதி சமையல்காரர் முதல் சலவைக்காரர் வரை எல்லோர் போனுக்கும் போய், அந்த மனுஷன் போர்வையை இழுத்து மூடியவர் இரண்டு நாள் முகமே காட்டவில்லை. ‘சாப்பாடு நிறுத்து’ கருவிக்கு, “அவசியம் எனில்” என்று மட்டும் எழுதியிருந்தேன். ஒருத்தருக்கு ஆபரேஷன் என்றதும் அது வார்டு முழுக்க நிறுத்திவிட்டது, பசியில் எலும்பு முறிவுக்காரர்கள் ஊன்றுகோலோடு ஆபீஸ் வாசலுக்கே வந்துவிட்டார்கள், நான் ஃபைல் அலமாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன், அப்பவும் “இது மெஷின் செஞ்ச வேலைங்க, எனக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல”ன்னுதான் சொன்னேன்.

அக்காவுக்குச் சர்க்கரைப் புண், வலது காலுக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பு, திங்கட்கிழமை அடைப்பை எடுத்துவிட்டால் கால் பிழைக்கும் என்றார் டாக்டர். கார் ஓட்டக் கற்றுத்தருகிறவளுக்கு அதுதானே பிரேக் கால்! எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. வெள்ளிக்கிழமை அக்கா, “இங்க ஒரே புழுக்கமா இருக்கு, ஜன்னல் பக்கம் மாத்துங்க” என்று கேட்டாள், நர்ஸ் அதை ஏஜென்ட்டிடம் சொன்னாள், படுக்கை மாற்ற ஒரு கருவி, தேதி மாற்ற ஒரு கருவி, இரண்டுக்கும் கீழே “தேவைக்கேற்ப உரிய மாற்றம் செய்ய” என்று ஒரே வரி, பாழாய்ப்போன மெஷின் தேதியை எடுத்துப் பன்னிரண்டு நாள் தள்ளிவைத்துவிட்டது. திங்கள் போச்சு, செவ்வாய் போச்சு, “என்னடா, யாருமே கூப்பிடல?”ன்னு அக்கா கேட்டா, “உரிய நேரத்துல கூப்பிடுவாங்கக்கா”ன்னு சொன்னேன். பிறகு அதற்குரிய சிகிச்சை அளிக்கப்பட்டது. அக்கா தேறிவருகிறாள். தவறு முழுக்க மெஷினுடையது.

தங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். கடலும் காற்றும் தங்களுக்கு அனுகூலமாக இருக்க வேண்டிக்கொள்ளும்,
அன்பு மைத்துனன்.

பின்குறிப்பு: மேலே உள்ளதை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். “எனக்கு என்ன ஆச்சுன்னு இதுல எங்கடா இருக்கு?” என்றாள். தேடினேன், இல்லை. “நான் பிரேக்னா பிரேக்னு கத்துவேன்டா. ‘தேவைப்படின் உரிய வேகக் குறைப்பு செய்க’ன்னு சொல்லிட்டு உக்காந்திருந்தா இத்தனை வருஷத்துல எத்தனை பேரைப் புதைச்சிருப்பேன்! அந்தப் பொண்ணு சொன்ன மாதிரி எழுது” என்றாள். எழுதுகிறேன்.

இந்தக் கடிதம் எதற்கு: அக்காவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள் என்று சொல்ல. அந்தத் திங்கள் தவறிய ஒன்பதாம் நாள் பாதம் கறுத்துப்போனது. பன்னிரண்டாம் நாள் நடந்தது வேறு ஆபரேஷன். தேதியை மாற்றும் முன் ஏஜென்ட் என் கையெழுத்தைக் கேட்டது. “உரிய மாற்றம் செய்யப்படுகிறது” என்று ஒரு சீட்டு வந்தது. என்ன மாற்றம் என்று நான் கேட்கவில்லை. அட, நம்ம நடையை அப்படியே பிடிச்சுக்கிட்டதே என்று சந்தோஷப்பட்டுக் கையெழுத்துப் போட்டேன், அத்தான்.

எப்போது படிக்க வேண்டும்: உட்கார்ந்துகொண்டு, பக்கத்தில் ஒரு ஆள் இருக்கும்போது.

எப்போது படிக்கக் கூடாது: இன்ஜின் ஓடும்போது.

என்ன பதில் வேண்டும்: நீங்கள் வீட்டுக்கு வரும் தேதி. அக்கா கேட்கச் சொன்னாள். மாதத்தையும் நாளையும் எழுதுங்கள். உரிய நேரத்தில் வருவேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.