தரை அணிலும் ஏசி ரிமோட்டும்

மதிப்புக்குரிய ரமேஷ்பாபு மாமாவுக்கு,

கொல்கத்தா சால்ட் லேக்கிலிருந்து தமிழரசியின் வணக்கம். நான் நலம். கரக்பூரில் நீங்களும் அத்தையும் அத்தையின் முழங்காலும் நலமாக இருக்க வேண்டும்.

முதலில் நன்றி. உங்கள் சிபாரிசில் கிடைத்த ஒப்பந்த வேலையில் நான்கு மாதம் ஓட்டிவிட்டேன். "ஆறு மாசம் யார்கிட்டயும் சண்டை போடாதே, நிரந்தரமாக்கிடுவாங்க" என்றீர்கள். போட்டுவிட்டேன். அதற்கும் நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம்.

வேலை இதுதான்: ஆப்பிரிக்கத் தரை அணில்களின் வீடியோ வரும். அணில் என்ன செய்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் நாங்கள் எழுதினால், அதை வைத்துக் கம்ப்யூட்டர் தானே அடையாளம் காணக் கற்றுக்கொள்ளும். மாமா, இவை மரமேறுவதில்லை, மண்ணுக்குள் வளை. அம்மா, மகள், சித்தி எல்லாம் ஒரே வளையில், ஆண்கள் தனிக் கூட்டமாக ஊர் சுற்றுகிறார்கள், நம் குடும்பம்தான். வெயில் ஏறினால் சூரியனுக்கு முதுகைக் காட்டி, வாலைத் தலைக்கு மேல் விரித்துக்கொண்டு மேய்கின்றன. 'குடை பிடிக்கிறது' என்று முந்நூறு வீடியோவுக்கு எழுதிவிட்டேன். "பாலைவனத்துல யாரும்மா குடை வித்தா?" என்று கத்திய சூப்பர்வைசர் ஜெய்ராம் சார், எல்லாம் திருத்தும்வரை எங்கள் அறைக்கு ஏசி கிடையாது என்று ரிமோட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மே மாதம். எட்டுப் பெண்கள். "ஜன்னலைத் திறந்துக்கோங்க." "அது திறக்காத கண்ணாடி சார்." "அப்ப வேடிக்கை பாருங்க." மூன்றாம் நாள் எங்களில் மூத்தவள் மௌசுமிதி (இங்கே அக்காவுக்கு 'தி') மயங்கி விழுந்தாள். ஓடி வந்த சார் அவளைப் பார்க்கவில்லை, கீபோர்டில் தண்ணீர் சிந்தியதா என்று பார்த்தார். அந்த நேரம் பார்த்து என் திரையில் ஒரு நாகம். அணில்கள் ஓடவில்லை மாமா! வாலைச் சிலிர்த்து ஆட்டிக்கொண்டு கூட்டமாக அதன் பக்கமே போகின்றன. கண் விழித்த மௌசுமிதி அதைப் பார்த்தாள். "லேஜ் தோலோ!" என்றாள், வங்காளத்தில் வாலைத் தூக்குங்கள் என்று. எட்டுத் துப்பட்டாக்கள் ஆடின. யாரும் சாரைத் தொடவில்லை, அவரை நோக்கி நடந்தோம், அவ்வளவுதான். ரிமோட்டை மேஜையில் வைத்துவிட்டுப் பின்பக்கமாகவே நடந்து லிஃப்டுக்குள் போய்விட்டார்.

நீங்கள் சேர்த்துவிடாவிட்டால் எனக்கு வால் இருப்பதே தெரிந்திருக்காது. நன்றி மாமா. அத்தைக்கு என் அன்பு.

நிழல் பெற்ற மருமகள்,
தமிழரசி

பி.கு.: ஜெய்ராம் சாரை மாற்றிவிட்டார்கள். மற்ற ஏழு பேரையும் அடக்கத் தெரிந்தவள் என்று அந்த நாற்காலியில் என்னையே உட்காரவைத்து, வேலையையும் நிரந்தரமாக்கினார்கள். மின்சாரச் செலவைக் குறைக்க மேலிடத்து உத்தரவு. பன்னிரண்டு மணிக்கு ஏசியை நிறுத்தினேன். "ஜன்னலைத் திறந்துக்கோங்க" என்று என் வாயே சொன்னது. ஏழு துப்பட்டாக்கள் என் மேஜையை நோக்கி வந்தன, மௌசுமிதி முன்னால். ரிமோட்டை அவள் கையில் கொடுத்துவிட்டுத் துப்பட்டாவோடு எட்டாவதாகப் போய் நின்றுகொண்டேன். வேறெங்காவது சிபாரிசு செய்ய முடியுமா மாமா?